சும்மா இருக்காத பிள்ளை

"இதிலை கல்லு எங்கை கிடக்குது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு பிள்ளை" என்று பாலாம்பிகை தன் கணவரின் சிறுநீரக எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

அஜிதா தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"எனக்கு இது விளங்காது அன்ரி. நான் இப்ப மண்புழுதான் படிக்கிறன். மண்புழுவுக்கு எலும்பும் இல்லை, கல்லும் இல்லை."

பாலாம்பிகை படத்தைத் தாழ்த்திவிட்டு, சோபாவில் இருந்த தம்பித்துரையைப் பார்த்தாள்.

"மண்புழுவோ? மகள் மெடிசின் எண்டெல்லே சொன்னனீங்கள் அண்ணை?"

"மெடிசின்தான். இஞ்சை ஜெர்மனியிலை அப்பிடித்தான். புழுவிலை துவங்கித்தான் மனிசனுக்கு வருவினம்" என்றார் தம்பித்துரை.

எசன் நகரின் அந்த வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் சங்கத்துக்குத் தம்பித்துரைதான் தலைவர். வேலைநாட்களில் பாண் தொழிற்சாலையில் மாப் பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். சனி ஞாயிறுகளில் மற்றவர்களுடைய பிள்ளைகள் என்ன படிக்கவேண்டும் என்று முடிவு செய்வார்.

அவருடைய சொந்தப் பிள்ளைதான் அவருக்கு இடி. பள்ளிக்கூட இறுதிச் சோதனையான அபிற்றூரை அஜிதா நன்றாகவே பாஸ் பண்ணியிருந்தாள். ஆனால் மெடிசினுக்கு அந்த 'நன்று' காணாது. புள்ளி போதாதவர்கள் வரிசையில் காத்திருக்கவேண்டும். காத்திருந்தால் சில வருடங்களில் முறை வரும். காத்திருப்பது தம்பித்துரைக்குப் புதிதல்ல. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை முகாமில் காத்திருந்து பழகியவர். சிக்கல் கலியாண வீடுகளில் வந்தது. "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால், "சும்மா இருக்கிறா" என்று சொல்லவேண்டியிருக்கும். சும்மா இருப்பதுதான் பெரிய நிலை என்று ஞானிகள் சொல்லியிருக்கலாம். ஞானிகளுக்கு அபிற்றூர் எடுத்த மகள்கள் இருக்கவில்லை.

ஆகவே, காத்திருக்கிற காலத்துக்குப் பல்கலைக்கழகக் கம்பஸில் பயோலஜி படிக்கும்படி மகளிடம் சொன்னார். மெடிசினுக்கு நல்ல அத்திவாரம் என்றார். அஜிதா அடுத்தநாள் எங்கேயோ போய் விசாரித்துவிட்டு வந்து, "சரியப்பா" என்றாள்.

மறுபேச்சு இல்லை. தம்பித்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தியோ யோகம், இதுதான் வளர்ப்பு."

"ஆர் வளர்த்தது?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி யோகம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு அரையாண்டும் மெடிசினுக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஒவ்வொரு அரையாண்டும் அஜிதா தலையைக் குனிந்தபடி, "இந்தமுறையும் இல்லையாம் அப்பா" என்றாள். தம்பித்துரை ஜெர்மன் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு மகளைத் தேற்றுவார்.

பாலாம்பிகை எக்ஸ்ரேயோடு படியிறங்கியதும் அவர் மகளிடம் திரும்பினார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ உனக்கு? மண்புழு எண்டு சனத்துக்குச் சொல்லோணுமே?"

"படிக்கிறதைத்தானே அப்பா சொன்னன்."

இதை அப்படியே விடக்கூடாது என்று தம்பித்துரைக்குப் பட்டது. மெடிசினுக்குப் போகிறவர்கள் எப்படியும் சில மாதம் ஆஸ்பத்திரியில் தாதிமாரோடு நின்று 'பிறாக்டிக்கும்' என்ற பயிற்சி செய்யவேண்டும். அதை இந்த விடுமுறையிலேயே செய்யச் சொன்னார். வெள்ளை உடுப்போடு மகளை ஒரு படம் எடுத்து, 'மருத்துவமனையில் சேவையாற்றும் செல்வி அஜிதா' என்று சங்க மலரின் முதல் பக்கத்தில் போட்டார்.

மலர் வெளிவந்த கிழமையே பாலாம்பிகையின் கணவர் அரியரத்தினத்துக்குக் கல் குத்தத் தொடங்கியது. அவரை ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தது அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. கட்டிலோடு கிடந்தவர் அவசரத்துக்கு மணியை அழுத்தினார். கையில் பெட்பானோடு அஜிதா வந்தாள்.

அரியரத்தினம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ போய் டொக்டரைக் கூப்பிடு."

"இதுக்கு டொக்டர் வரமாட்டார் அங்கிள்."

"அப்ப இதுக்கு ஆர்?"

"நான்தான்."

"நீ தம்பித்துரை அண்ணையின்ரை மகளெல்லோ. எனக்கு ஏலாது பிள்ளை."

தாதி மாறும்வரை அடக்கிக்கொண்டே கிடந்தார் அந்த மனிதர். கல்லைவிட அதுவே பெரிய உபத்திரவமாகிப் போயிற்று. வீடு திரும்பியதும் பாலாம்பிகை டெலிபோனில் குந்தினாள்.

"கல்லு வெளியிலை வந்திட்டுது. அதோடை இன்னொரு விசயமும் வெளியிலை வந்திட்டுது. டொக்டர் எண்டினம், பிள்ளை அங்கை பெட்பான் கழுவுது."

கோவிலில், கடையில், ட்ராமில், எங்கே போனாலும் தம்பித்துரையைக் கண்டவர்கள் மகளைப் பற்றி விசாரிக்காமல் விட்டார்கள். விசாரிப்பதைவிட அது மோசமாக இருந்தது. பொறுக்கமுடியாமல் சங்க ஆண்டுவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தார்: 'நீரிழிவும் நாமும் — சிறப்புரை: செல்வி அஜிதா தம்பித்துரை'.

"அப்பா, நீரிழிவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

"தெரிஞ்சதை வைச்சுக் கதை. சனத்துக்கும் தெரியாதுதானே."

அஜிதா தெரிந்ததை வைத்துக் கதைத்தாள். அவளுக்குத் தெரிந்தது பழ ஈ. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் வெளிச்சத்தில் ஈயின் சிவப்புக் கண்ணையும் வெள்ளைக் கண்ணையும் சுவரளவுக்குப் பெருப்பித்துக் காட்டினாள். எந்தத் தாய்க்கு எந்தக் கண்ணோடு பிள்ளை பிறக்கும், ஏன் பிறக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. தம்பித்துரை அதைக் காணவில்லை. யார் யார் எழும்பிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு கொண்டுவந்த ஈக்களைக் காட்டப் போத்தலைத் தூக்கியபோது அடைத்திருந்த பஞ்சு கழன்றது. ஈக்கள் நேரே மேடைப் படையலில் இருந்த வாழைப்பழத்துக்குப் போயின.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழும்பினார்.

"பிள்ளை, இந்த ஈ இருந்த பழத்தைத் திண்டால் சீனி வருத்தம் வருமோ?"

"வராது அங்கிள். முட்டைதான் வயித்துக்கை போகும்."

அன்று ஒருவரும் பழத்தைத் தொடவில்லை. பழத்துக்குப் பிறகு போட்ட சோற்றையும் தொடவில்லை. அடுத்த கூட்டத்தில் புதிய தலைவர் ஒருவரைப் பற்றி யோசித்தால் என்ன என்று பின்வரிசையில் யாரோ சொல்லக் கேட்டது. தம்பித்துரைக்கு இரத்தம் தலைக்கேறியது. மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. இதுவரை படிச்சது அத்திவாரம்தான். இந்த ஒக்டோபரிலை என்ரை மகள் மெடிசின் துவங்குவா. இல்லாட்டில் நான் இந்தத் தலைவர் கதிரையிலை இருக்கமாட்டன்."

கைதட்டல் பலமாக இருந்தது. எதற்குத் தட்டினார்கள் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் அவருக்கு உறைத்தது.

"உங்களை ஆர் சத்தியம் பண்ணச் சொன்னது?" என்றாள் யோகம்.

"நாலு வருசம் ஆகப்போகுது யோகம். இந்தமுறை குடுக்காமல் எப்பிடி விடுவாங்கள்?"

விட்டார்கள். செப்டம்பரில் அஜிதா வழமைபோலத் தலையைக் குனிந்தாள். "இந்தமுறையும் இல்லையாம் அப்பா."

அவர் திட்டத் தொடங்குவதற்குள் வாசல் மணி அடித்தது. மன்னாரைச் சேர்ந்த இன்னாசித்தம்பி கையில் கேக் பெட்டியோடு நின்றார். அவருடைய மகன் பென்ஜமின், அஜிதாவோடு ஒரே வகுப்பில் அபிற்றூர் எடுத்தவன். புள்ளி அவளைவிடக் குறைவு. அதன்பிறகு எந்தக் கம்பஸ் வாசலையும் மிதிக்காமல் ஒரு பீட்சாக் கடையில் மாத் தட்டிக்கொண்டிருந்தான். 'பிள்ளைகளைச் சும்மா விட்டால் இப்பிடித்தான்' என்று பேர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, தம்பித்துரை மேடைகளில் அவனை உதாரணம் காட்டுவது வழக்கம்.

"பெடியனுக்கு மெடிசின் கிடைச்சிட்டுது அண்ணை. முதலிலை உங்களுக்குத்தான் சொல்லவேணும் எண்டு வந்தனான்."

தம்பித்துரை கேக் பெட்டியை வாங்காமலே கேட்டார்.

"எப்பிடி? அவன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை. சும்மா இருந்தவன்."

அடுத்தநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தம்பித்துரை டோர்ட்மண்டுக்கு ரயில் ஏறினார். மாணவர்களுக்கு இடம் பங்கிடும் அலுவலகம் அங்கேதான். வாசலில் பெயரெழுதிய அட்டையைச் சட்டையில் குத்தி உள்ளே விட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி, வயது வந்த ஒருவரின் விபரத்தைத் தகப்பனுக்கும் சொல்லமுடியாது என்றாள்.

"என்ரை மகளை விடுங்கோ. பொதுவாக் கேக்கிறன். பீட்சா போட்டவனுக்கு மெடிசின், பயோலஜி படிச்சவளுக்கு இல்லை. இது என்ன நியாயம்?"

"காத்திருப்பு என்றால் காத்திருக்கவேண்டும் ஐயா. ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்து வேறு எதையாவது படிக்கும் காலம் காத்திருப்பாகாது. அது கணக்கில் ஏறாது."

"எவ்வளவு காலம் படிச்சாலும்?"

"எவ்வளவு காலம் படித்தாலும் பூச்சியம்தான்."

"சும்மா இருந்திருந்தால்?"

"இந்த நேரம் இடம் கிடைத்திருக்கும்" என்றாள் அவள்.

நடைவழியில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்துகொண்டார் தம்பித்துரை. தலைவர் கதிரை போனால் போகட்டும். சரியப்பா என்று ஒரு சொல்லில் கேட்டுக்கொண்ட பிள்ளை. கலியாண வீட்டுக்குப் பதில் சொல்வதற்காக அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை அவரல்லவா பூச்சியமாக்கிவிட்டார். முதன்முறையாக, மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்காமல், மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தார். 'பிள்ளை, அப்பா பிழை விட்டிட்டன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அது சங்கத்தில் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண் கலங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த வயதான வாயிற்காவலர் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பித்துரை? நீங்கள் அஜிதாவின் அப்பாவா?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமலா? அரையாண்டுக்கு ஒருமுறை வருவாளே. வரிசை நீளமாக இருந்தால் என்னிடமே கேட்டுவிட்டுப் போய்விடுவாள்."

"பாவம் பிள்ளை" என்றார் தம்பித்துரை. "மெடிசினுக்கு இடம் கேட்டு இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கிறாள்."

"இடம் கேட்டா? இல்லையே. ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: 'பயோலஜியை விடாமல் படித்துக்கொண்டே இருந்தால், தப்பித்தவறியும் என்னை மெடிசினுக்குக் கூப்பிட்டுவிட மாட்டீர்கள்தானே?'"