மெட்டி விரலுக்குள் தெரிந்த வெளிச்சம்

புக்கிட் மேரா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வெல்லக்கட்டி மாமாவுக்கு, பூவம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. உங்கள் நலத்தை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் போய் மூன்று மாதமாக வீடு சுத்தமாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று என் மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருஷ மெட்டி, வலது காலில் வரவே இல்லை. தேக்கா நகைக்கடையில் வெட்டித் தருவார்கள் என்றேன். "ஐயர் உட்கார்ந்திருக்காரு, இப்ப யாரு தேக்காவுக்குப் போறது?" என்று உங்கள் அக்கா மங்களம் உங்கள் குறடையே எடுத்து வந்து, "பல்லைக் கடிச்சுக்கோ பூவு, இதோ வந்துடும்லா" என்று முறுக்கினார். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால், எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. நான் உங்களுக்காக அழுதேன், நான் வலியில் அழுகிறேன் என்று நினைத்து, அவர் சீக்கிரம் முடிக்க இன்னும் வேகமாக முறுக்கினார். மெட்டி வந்தது, தோல் கிழிந்தது, எலும்பும் விரிசல் விட்டது. மஞ்சள் வைத்தேன், புண் மஞ்சளானது, ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துவாரகன், "எலும்புக்குள்ள கிருமி போயிருக்கான்னு பார்க்கணும்மா" என்று கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் பிடித்தார். படத்தில் விரல் ஜொலித்தது. முட்டியும் ஜொலித்தது, இடுப்பும் ஜொலித்தது. நம் மகன் திலீப் பயந்துபோய், "எல்லா இடத்துலயும் கிருமியா டாக்டர்?" என்றான். "இல்ல தம்பி, எலும்புல எங்க வேலை நடந்தாலும் இந்த மருந்து காட்டும். அடுக்குமாடி புளோக்குல எந்த வீட்ல தட்டுற சத்தம்னு சொல்லும், உள்ள வீட்டைப் புதுப்பிக்கிற ரினவேஷனா திருடனான்னு சொல்லாது" என்றார். உங்கள் அக்கா மாதிரி மருந்து, மாமா, எங்கே என்ன நடந்தாலும் முதலில் போய் நிற்கும்.

சர்க்கரை கலந்த மருந்து இன்னொன்று உண்டாம், ஆனால் என் ரத்தத்தில் ஏறியிருக்கும் சர்க்கரைக்குப் படம் தெளிவாக வராதாம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்த பிஸ்கட் டின்களை நான்தான் முடித்தேன். ஆறுதல் அவ்வளவும் ரத்தத்தில் நிற்கிறது.

கடைசியில் என் ரத்தத்தையே எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, அதில் மருந்தை ஏற்றித் திரும்ப எனக்கே செலுத்தினார்கள். அவை கிருமியைத் தேடித்தான் போகுமாம். முட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை, இடுப்பை மதிக்கவில்லை, நேராக விரலில் போய் நின்றன. என் உடம்பில் சொன்ன வேலையை மட்டும் பார்க்கவும் ஆள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

விரலை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஆறு வாரம் மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அதற்கும் அடங்காமல் கிருமி மேலே ஏறினால் கால் போகும் என்கிறார் டாக்டர். நான் கொஞ்சமும் கலங்கவில்லை. "எடுத்துடுங்க டாக்டர், மெட்டி இல்லாத விரல் எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். திலீப்தான் அழுதான். அக்காவிடம் விரிசலைப் பற்றிச் சொல்லவில்லை, பாவம், அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தானே.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அங்கே நம் பெரியவர்களைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நான் வருவதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
பூவு

பி.கு.: கலங்கவில்லை என்றது பொய். திலீப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தான், அவனுக்காக எழுதினேன். டாக்டர் என்னைக் கேட்டபோது அவன் வெளியே இருந்தான், நான் வாயே திறக்கவில்லை. விரலை எடுக்கச் சம்மதம் கேட்கும் ஃபாரம் கைப்பையில் மடித்தபடி இருக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எந்தத் தாளிலும் நீங்கள் "போடு" என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்லுங்கள் மாமா, விரலைக் கொடுத்துவிடட்டுமா?