மாப்பிள்ளை காரில் லைன் லாக்

இருபது சொச்சம் வயதுப் பையன் கையில் ஒரு ஸ்பேனரும், எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் ஒரு நண்பனும் கிடைத்துவிட்டால், அந்த வீட்டில் கல்யாணம் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வைத்தார்கள். அது எண்பதுகளின் கடைசி. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நண்பன் ரஃபி பூந்தமல்லிக்காரன். நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டோரமாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான்.

ரஃபியிடம் ஒரு கார் இருந்தது. டாக்ஸியாக ஓடி ஓய்ந்ததை வாங்கி, மஞ்சள் கூரைக்குச் சிவப்படித்து, எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, இரட்டைக் கார்புரேட்டர் வைத்து அதை 'ரேஸ் கார்' ஆக்கியிருந்தோம். (எந்த ரேஸிலும் அது ஓடியதில்லை. ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டதால் பூந்தமல்லியில் கிளம்பினால் மாங்காட்டில் கேட்கும்.) நடைபாதைக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு கார் நின்ற இடத்திலேயே பின்பக்கம் வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது. நம்முடையது அப்படிக் கக்கவில்லையே என்று ரஃபிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் புகைக்குக் காரணம் லைன் லாக் என்ற சமாசாரம். முன்சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் போகும் குழாயில் கரண்டில் இயங்கும் ஒரு வால்வை வைக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், போன ஆயில் திரும்பி வராது. காலை எடுத்தாலும் முன்சக்கரம் இரண்டும் பிடித்தது பிடித்தபடி நிற்கும். பின்சக்கரத்துக்கு மட்டும் விடுதலை. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றி, டயர் சூடேறிப் புகையும். சூடான டயர் ரோட்டை நன்றாகக் கவ்வும் என்பதால் ரேஸுக்குக் கிளம்பும் முன் இப்படிச் செய்வார்களாம்.

எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு மெஷினிலிருந்து வால்வு கிடைத்தது. (கேட்டுத்தான் எடுத்தேன்.) ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. குழாயை அறுத்தோம், இணைத்தோம், ஒழுகியது, மறுபடி இணைத்தோம். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ரஃபி சக்கரத்தருகே படுத்துக்கொண்டு மிதி, பிடி என்று சொல்லச் சொல்ல, நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் கம்பெனிக்கு நொண்டிக்கொண்டு போனேன். கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் சோதித்தபோது புகை எழும்பியது பாருங்கள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் மல்லிகா அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அமைந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்குள் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. ஓர் இடம் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது பல்லி கத்தியது, போய்விட்டார்கள். இன்னொரு கூட்டம் எங்கள் தெருமுனையில் காலிக்குடம் எதிரே வந்ததென்று வீட்டுக்கே வராமல் திரும்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் அக்கா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி அரிசி களைய உட்கார்ந்துவிடுவாள். இந்த ஆவடி மாப்பிள்ளை தேவராஜ் அதிகம் பேசாத நல்ல மனிதர். ஆனால் அவரை வளர்த்த அத்தை ராஜாமணி இருக்கிறாரே, சகுனம் பார்ப்பதில் முந்தைய இரண்டு கூட்டத்தையும் தூக்கிச் சாப்பிடுபவர். இந்தக் கல்யாணமும் தட்டிப்போனால் அக்கா தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு நைனா வாடகைக் கார் சொல்லியிருந்தார். பெண்ணின் தம்பி நான் இருக்கும்போது எவனுடைய காரிலோ மாப்பிள்ளை வருவதா என்று ஒற்றைக்காலில் நின்று அதை வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். காருக்குச் சைலன்சரைத் திரும்ப மாட்டி, பூச்சரம் தொங்கவிட்டு, கூரையைச் சுற்றி பல்பு மாலை கட்ட ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் விளக்குக்குத் தனி சுவிட்ச்தான் வைத்தார். ஆனால் ஒயரை இணைக்க இடம் தேடியவர், டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய எங்கள் லைன் லாக் ஒயரோடு தம்முடைய ஒயரையும் சேர்த்து முறுக்கி, அழகாக டேப் சுற்றிவிட்டார். அதாவது, விளக்கைப் போட்டால் லைன் லாக்கும் வேலை செய்யும். இது எங்களுக்கு ஊர்வலம் முடிந்து மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

பூந்தமல்லியில் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். ரஃபி ஓட்டினான், பக்கத்தில் நான். பின்சீட்டில் கோட்டு சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. முட்டிவலி என்று அத்தையும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் வெடி வைக்க எல்லாரும் நின்றார்கள். ரஃபி பிரேக்கை மிதித்தான். இருட்டுகிறது, லைட்டைப் போடு என்று யாரோ சொல்ல, போட்டான். கார் ஜொலித்தது. கூட்டம் நகர்ந்தது, கார் நகரவில்லை.

எங்களுக்கும் லைன் லாக் மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் அதன் சுவிட்ச் சமர்த்தாக அணைந்தே இருந்தது. சரி, கார்புரேட்டர் என்று முடிவு செய்தோம். (புரியாதபோதெல்லாம் கார்புரேட்டர் என்று சொல்வது எங்கள் வழக்கம்.) பானெட்டைத் திறக்கும் முன் பேட்டரிக்காக ரஃபி விளக்கை அணைத்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த என் சித்தப்பாக்கள் இருவரும் கார் சட்டென்று நகர்ந்ததில் குப்புற விழுந்தார்கள்.

மண்டப வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரக் காத்து நின்றோம். போட்டோகிராபர் விளக்கைக் கேட்டார். மறுபடியும் பிரேக், மறுபடியும் விளக்கு, மறுபடியும் கார் கல்லாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டமே பார்க்கிறது என்ற பதற்றத்தில் ரஃபி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான்.

பத்திரிகைப் படம் தோற்றது. ரப்பர் கருகும் நாற்றத்தோடு வெள்ளைப் புகை கிளம்பி முதலில் பேண்டுக்காரர்களை மறைத்தது, பிறகு ஆரத்தியை மறைத்தது, கடைசியில் மண்டபத்தையே மறைத்துவிட்டது. ரஃபி பயந்துபோய் எஞ்சினை அணைத்தான். பின்சீட்டிலிருந்து அத்தையின் குரல் கணீரென்று கேட்டது.

"வண்டியே வரமாட்டேன்னுது. இதுக்கு மேல இன்னா சகுனம் ஓணும்? இறங்கு தேவா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

எனக்கு அக்கா அரிசி களைவதுதான் கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் முன்கண்ணாடியை வெறித்தபடி அழுதேன். (புகை என்று பிறகு சொல்லிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.)

மாப்பிள்ளை இருமினார். கதவைத் திறந்தார். அதுவரை அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"வண்டிக்குத்தான் இஷ்டம் இல்ல அத்தே. எனக்கு இஷ்டம் கீது."

இறங்கி, என் பக்கத்துக் கதவையும் அவரே திறந்து என் கையைப் பிடித்தார். "வா மச்சான், நட்ந்தே பூடலாம்" என்றார். இன்னொரு கையை அத்தை பக்கம் நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்து, கடைசியில் அந்தக் கையைப் பிடித்து இறங்கினார். மூன்று பேரும் புகைக்குள்ளிருந்து நடந்து வெளியே வந்தோம். பேண்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வாசித்தார்கள்.

மண்டபத்து மாடி ஜன்னலிலிருந்து அக்கா இதைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகிப் பல மாதம் கழித்து ஒருநாள் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "போட்டோல பாத்து சரின்னுட்டேன்டா. ஆனா அவரு அத்த கையப் புட்ச்சிகினு நட்ந்து வந்தாரு பாரு, அப்பத்தான் எனக்குப் பயம் போச்சு." இதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் அந்தப் பாவம் கொஞ்சம் கரைந்தது.

அத்தை மட்டும் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் யார் கேட்டாலும், எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை நடந்துதான் வருவார், அது வழக்கம் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லிச் சொல்லி அது நிஜமாகவே வழக்கமாகிவிட்டது. அப்புறம் எங்கள் இரு குடும்பத்திலும் எத்தனையோ கல்யாணம். ஒரு மாப்பிள்ளையும் காரில் வரவில்லை. அக்கா மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கூரை திறக்கும் பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அத்தை விடவில்லை. தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கத்தை மாற்றக் கூடாது என்றார். சம்பந்தி பயபக்தியோடு கைகட்டிக் கேட்டுக்கொண்டார். தேவராஜ் மாமா என்னைப் பார்த்தார். ரஃபி எங்கேயோ பார்த்தான். பையன் இறங்கி நடந்தான்.

அத்தைக்கு அப்போது நடக்க முடியாது. மாப்பிள்ளைக்கு முன்னால் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். கிளம்பும் முன் கழுத்தைத் திருப்பி, "இத்த நீ எதுனா கழட்டி மாட்னியாடா?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன். அப்புறம்தான் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலியின் கால்பலகையில் வைத்தார்.