கும்பிடுவதற்குள் பறந்த கார்

கணபதி, கோவை
ஆவணி, 1996

அன்பிற்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு,

பாலுசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா நஞ்சம்மாளும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் காருக்குத்தான் ஒரு கவலையும் இல்லை. ஷெட்டில் பளபளவென்று நிற்கிறது.

ஜெர்மனிக்குப் புறப்படும்போது சாவியைக் கொடுத்து, "பேட்டரி போயிராம அப்பப்ப ஓட்டுங்க மச்சான். குரூஸ் கண்ட்ரோல் இருக்குது, காலை எடுத்தாலும் வண்டி அதே வேகத்துல போகுமுங்க" என்றீர்கள். போகும் என்று சொன்னீர்களே தவிர, நிற்காது என்று சொன்னீர்களா? ஞாயிற்றுக்கிழமை நம் லோகப்பிரியாவுக்குப் பல்லடத்தில் பையன் வீடு பார்க்க அந்தக் காரிலேயே கிளம்பினோம். கண் பட்டுவிடக் கூடாதென்று உங்கள் அக்கா, ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். சூலூர் தாண்டியதும் கார் பிடித்தது பாருங்கள், எண்பது! பிரேக்கை மிதித்தால் குறைகிறது, காலை எடுத்தால் மறுபடி எண்பது. "உங்களாட்டமே இருக்குதுங்க. அதட்டுனா அடங்குது, உட்டாத் துள்ளுது" என்றார் உங்கள் அக்கா.

பல்லடத்துக்கு முந்தைய சாலைப் பிரிவில் பையனின் அப்பா லட்சுமணசாமி, விசைத்தறி முதலாளி, வெள்ளை வேட்டியில் எங்களை எதிர்பார்த்து நிற்கிறார். மிதித்தேன், கார் பணிந்தது. பெரியவர் கண்ணில் பட்ட பிறகு, வண்டி முழுசாய் நிற்கட்டும் என்று கும்பிடாமல் இருப்பது நம் வழக்கமா? இரண்டு கையையும் குவித்து "வணக்கமுங்க" என்று எழும்பினேன். கையோடு காலும் எழும்பிவிட்டது. கார் அவரைத் தாண்டிப் பறந்தது. திருப்பிக்கொண்டு வந்தேன். மறுபடி அவர், மறுபடி வணக்கம், மறுபடி பறப்பு. மூன்றாம் முறை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ங்க" மட்டும்தான் காதில் விழுந்தது.

"அப்பா, கும்பிடாம நிறுத்துங்கப்பா!" என்று பின்சீட்டில் லோகப்பிரியா அழுகிறாள். பையன் தீபக்கின் போட்டோ அவள் தலையணைக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். அதற்காக, சம்பந்தியாகப் போகிறவரை எப்படிக் கும்பிடாமல் நிறுத்துவது? நான்காம் முறைக்கு வெட்கம் விடவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் கும்பிட ஆள் இல்லாததால் கார் ஒழுங்காக நின்றது. 'பெரிய கார் வந்ததும் மனுசங்க கண்ணுக்குத் தெரியல' என்று இந்நேரம் பல்லடமே பேசும். நல்ல இடம் போச்சு. குழந்தை சோற்றைத் தொடவில்லை. ஆகவே, கோளாறு காரைச் செய்த ஜெர்மன்காரனுடையது, பாலுசாமி மரியாதை தெரிந்தவர் என்று நீங்களே அங்கிருந்து லட்சுமணசாமிக்கு எழுத வேண்டும். ஊர் வந்ததும் முதல் வேலையாகக் காரை விற்றுவிட வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும். மாசாணியம்மன் கூட இருந்து காப்பாற்றுவாள். காரில் மட்டும் அவளை ஏற்ற வேண்டாம், கும்பிட்டால் பறந்துவிடும்.

இப்படிக்கு,
கும்பிட்டுக் கெட்ட
பாலுசாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது லட்சுமணசாமியே போன் செய்தார். "ஏனுங்க சம்பந்தி, மூணு வாட்டி வந்து கும்பிட்டுப்போட்டு, பேசி முடிக்காத ஊட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு காரை உட்டுக்கூட எறங்காமப் போயிட்டீங்களே! இந்தக் காலத்துல இவ்வளவு முறை பாக்கறது யாருங்க? உறுதி பண்ணிக்கலாமுங்க. கல்யாணத்துக்கு அந்தக் காரையே அனுப்புங்க" என்றார். ஆகவே விற்க வேண்டாம். லோகப்பிரியா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். காரைத் துடைக்கையில் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தேன். பழக் கனத்தில் இழுபட்டுக் கிடந்த குரூஸ் கண்ட்ரோல் குச்சி மேலே போனது, கோளாறும் போனது. பழத்தைக் கட்டியது உங்கள் அக்கா. அதனால் கோளாறு ஜெர்மன்காரனுடையது என்றே இருக்கட்டும்.