மாவு மில்லு பெல்ட்டுக்கு எவன் எண்ணெய் விடுவான்?

மின்விசிறி சுற்றாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். கூப்பிடாமல் புழுங்கிக்கொண்டு கிடப்பவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. சுற்றாத விசிறிக்கு அடியிலேயே நாற்காலியைப் போட்டு, உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, வியர்வையைத் துண்டால் ஒற்றியபடி, விசிறி என்பது எந்தத் தத்துவத்தில் சுற்றுகிறது என்று சொல்லித் தருகிறவர்கள். சொல்வதில் ஒரு பிழை இருக்காது. விசிறிதான் சுற்றாது.

இவர்களை விளக்கப்புலிகள் என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் சுலபம். "சிம்பிளா சொல்லுதேன்" என்று ஆரம்பிப்பார்கள். முடிப்பதற்குள் உங்கள் பஸ் போய்விடும்.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் கடைத்தெருவில் பம்ப்செட் வியாபாரம் செய்யும் சிவதாணு இந்த இனத்தில் வளர்ந்து முற்றிய ஒருவர். தொண்ணூறுகளில் செல்போன் டவரை விளக்கினார். இரண்டாயிரத்தில் இன்டர்நெட்டை விளக்கினார். அதற்கும் பிறகு, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஹைபிரிட் கார் ஒன்று இரண்டாம் கையாக அவரிடம் வந்து சேர்ந்தது. பெட்ரோல் எஞ்சின் ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மின்சார மோட்டார், பின்சீட்டுக்கு முதுகில் பேட்டரி. ஊரில் யாரும் பார்த்திராத வண்டி. சிவதாணுவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பசித்த புலிக்கு முழு ஆடு கிடைத்த மாதிரி இருந்தது.

வண்டியை வாங்கிய வாரத்திலிருந்து அவர் கடைக்கு வந்த யாரும் பம்ப்செட்டோடு மட்டும் திரும்பிப் போனதில்லை. டீக்கடையிலிருந்து அடி சிறுத்து வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு வரும். ஒன்றை நேராகவும் மற்றொன்றைக் கவிழ்த்தும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைப் போடுவார். ஒரு டம்ளரை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. பிடித்தவர் எழுந்து ஓட முடியாது.

"பாரும் வே. ரப்பர மேல தள்ளினா இந்த டம்ளர்ல வட்டம் பெருசு, அதுல சிறுசு. கீழ தள்ளினா நேர் எதிர். அப்போ ஒண்ணாம் கியர், ரெண்டாம் கியர்னு படி ஏற வேண்டாம். வழுக்கிக்கிட்டே போவலாம். உள்ள டம்ளருக்குப் பதில் கூம்பு, ரப்பருக்குப் பதில் உருக்கு பெல்ட். எறக்கத்துல மோட்டாரே டைனமோ ஆயிரும், பேட்டரி தானா சார்ஜ் ஏறும். பல்சக்கரம் மாத்துற சோலியே கெடையாது. பல்லே இல்லாத வாய்க்குப் பல்வலி வருமா, சொல்லும்?"

கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அசந்து போனவர்களைப் பார்த்து சிவதாணுவே அசந்துபோனார். வண்டி வேலை செய்வது ஜப்பான்காரனால் அல்ல, தான் இவ்வளவு தெளிவாகச் சொல்வதால்தான் என்று அவருக்கு மெல்ல மெல்ல ஒரு நம்பிக்கை உண்டாயிற்று.

கழக்கூட்டம் பக்கம் இருந்த சர்வீஸ் சென்டரில் ஆர்ஷா என்றொரு பெண். வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து, மலையாளம் கலந்த தமிழில் நினைவூட்டுவது அவள் வேலை.

"சாரே, நிங்கட வண்டிக்கு ட்ரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், கியர்பாக்ஸுக்குள்ள ஓடுற எண்ணெய், மாத்தணும். டைம் கழிஞ்ஞு. கொச்சியிலேர்ந்து வரவழைக்கணும், சொன்னா ஆர்டர் போடாம்."

"மோளே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? சிம்பிளா சொல்லுதேன்."

சொன்னார். கூம்பைச் சொன்னார், பெல்ட்டைச் சொன்னார். கடைசியில் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "மாவு மில்லு பாத்திருக்கியா? அங்கயும் பெல்ட்டுதான் ஓடுது. மாவு மில்லு பெல்ட்டுக்கு எவனாவது எண்ணெய் விடுவானா? விட்டா வழுக்கிரும்லா?"

ஆர்ஷா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "அதொக்கே மனசிலாயி சார். நல்லா சொன்னீங்க. பட்சே ஃப்ளூயிட் மாத்தணும்."

உண்மை என்ன தெரியுமா? மில்லு பெல்ட் காய்ந்து ஓடுவது. இந்த உருக்கு பெல்ட்டோ எண்ணெயிலேயே குளித்துக்கொண்டு ஓடுவது. கூம்புகளை நெருக்கிப் பிடிப்பதே எண்ணெயின் அழுத்தம்தான். உருக்கு உருக்கை வழுக்காமல் கவ்வுவதற்கென்றே அந்த எண்ணெயைத் தனியாகச் செய்கிறார்கள். அது பழசாகிச் சத்துப் போனால் பிடிப்பும் போகும். வண்டி கிளம்பும்போது நடுங்கும். சும்மா ஒரு கியர் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான். சிவதாணுவின் விளக்கத்தில் இது ஒன்றுதான் விட்டுப்போயிற்று. டம்ளரில் இதைக் காட்ட முடியாதே!

வண்டியை அவர் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். மாதப் பிறப்புக்கு மாதப் பிறப்பு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். வண்டி லேசாக நடுங்கத் தொடங்கியதும் ஒரு தேங்காயை இரண்டாக்கினார். இன்னும் நடுங்கியதும் ஐந்தாக்கினார். பிள்ளையாருக்குத் தேங்காய் எண்ணெயாவது கிடைத்திருக்கும். கியர்பாக்ஸுக்கு அதுவும் இல்லை.

இப்படியிருக்கையில் மகன் ஜெயனுக்குத் தக்கலையில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பெண் வீட்டார் இதில் கறார். முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் களியக்காவிளை நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்தபோது, காப்பி கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வரன் கைகூடுவதற்காக இரண்டு வருடம் நடையாய் நடந்த சிவதாணுவின் மனைவி நீலாம்பாளுக்கு அந்தக் காப்பிக் கதை தெரியும்.

"சொந்தக்காரங்க போற வேன்லயே நாமளும் போயிருவோம்," என்று புருஷனிடம் முதல் நாளே சொன்னாள்.

"மாப்பிள்ளை வேன்ல வந்து இறங்குவானா? வேன் பொறத்தால வரட்டும். நாம ஹைபிரிட்ல போவோம். சத்தமே கேக்காது."

சத்தம் கேட்கவில்லைதான். பாறசாலை வரைக்கும்.

களியக்காவிளையில் நின்று கிளம்பும்போது வண்டி குளிர்ஜுரக்காரன் மாதிரி உதறியது. நீலாம்பாள் மடியிலிருந்த தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சு உருண்டு ஓடின.

"என்ன இது, இப்பிடி ஆடுது?"

"ரோடு சரியில்ல."

"நாம நின்னுகிட்டுல்லா இருந்தோம்?"

சிவதாணு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். நிற்காமல் போனால் கிளம்ப வேண்டியதில்லை, கிளம்பாவிட்டால் நடுங்காது. இந்தக் கணக்கோடு நிற்காமல் போகப் பார்த்தார். எதிரே மாடு வந்தால் மாட்டை முறைத்தார். மார்த்தாண்டம் நெரிசல் முறைப்புக்கெல்லாம் அடங்குமா? அங்கே ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. பஸ் போனது. இவர் மிதித்தார். எஞ்சின் கூப்பாடு போட்டது. சக்கரங்கள் காதில் வாங்கவில்லை. கருகிய வாடை ஒன்று எழுந்தது. வண்டி மெதுவாகப் பின்னோக்கி வழுக்கத் தொடங்க, ஜெயன் பட்டுவேட்டியோடு குதித்திறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"எப்பா, இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணுமில்ல மக்ளே. உள்ள என்ன நடக்குன்னா, சிம்பிளா சொல்லுதேன்..."

"எறங்குங்க," என்றாள் நீலாம்பாள்.

மாப்பிள்ளை வேனில்தான் வந்து இறங்கினார். அத்தைமார், சித்திமார், இரண்டு கைக்குழந்தைகள், ஒரு வாழைத்தார் ஆகியவற்றுக்கு இடையிலிருந்து அவரை உருவி எடுக்க வேண்டியிருந்தது. ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமே மிச்சம். ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நீலாம்பாள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவசரப்பட்டு விட்டாள். பெண்ணின் அப்பா ராஜமணி, மின்வாரியத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே சிவதாணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, ஏதோ கரண்டுல ஓடுற வண்டின்னாங்க, நின்னு போச்சாமே? எப்பிடி ஓடுது அது?"

எப்பிடி ஓடுது! அந்தக் கேள்வியைக் கேட்டதும் மார்த்தாண்டத்தில் பட்ட அவமானமெல்லாம் சிவதாணுவுக்கு மறந்துபோயிற்று. புழக்கடைப் பக்கம் ராஜமணியை அழைத்துக்கொண்டு போனார். வழியில் பந்தியிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டார். கூம்பு ஆயிற்று, பெல்ட் ஆயிற்று. மாவு மில்லுக்கு வரும்போது ராஜமணி குறுக்கிட்டார்.

"பெல்ட்ட விடும். மோட்டார விட்டுட்டீரே! நான் சிம்பிளா சொல்லுதேன்..."

ஆம். அவரும் புலிதான். ஒரு காட்டில் இரண்டு புலிகள் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்தபடி இருவரும் கிணற்றடியில் நின்றுவிட்டார்கள். புரோகிதர் மூன்று முறை கூப்பிட்டார். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று மூன்று முறை பதில் வந்தது, ஆள் வரவில்லை.

அவர்கள் ஒருவழியாக, தவறு முழுக்க முழுக்கச் சிங்கப்பூர்க்காரருடையதே என்ற முடிவுக்கு வந்து பந்தலுக்குத் திரும்பியபோது, ஐயர் தட்சிணையை மடியில் முடிந்துகொண்டிருந்தார். தட்டுகள் இடம் மாறியிருந்தன. பெண் புதுப்புடவை கட்டி வந்து நின்றாள்.

சிவதாணு திகைத்தார். "தகப்பன்மார் ரெண்டு பேரும் இல்லாம எப்பிடிட்டீ தட்டு மாத்துன?"

"அவங்க அம்மையும் நானும் மாத்திக்கிட்டோம். எப்பிடின்னு ஒங்களுக்கு வெளக்கிக்கிட்டு நின்னிருந்தா ராகு காலம் வந்திருக்கும். எல போட்டாச்சு, வாங்க."

கார் லாரியில் ஏறிக் கழக்கூட்டம் போனது. எண்ணெயை மாற்றியிருந்தால் போதுமாக இருந்தது. இப்போது கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஆர்ஷா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவதாணுவுக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. கூம்பு, உருக்கு பெல்ட், எண்ணெயின் அழுத்தம் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது 'ஓஹோ, அப்படியா சங்கதி' என்று தலையாட்டினீர்கள் அல்லவா? சாயங்காலத்துக்குள் யாரையாவது பிடித்து நிறுத்தி அதைச் சொல்லப்போகிறீர்கள். தப்பே இல்லை. அதற்கு முன் சின்னதாக ஒரு கேள்வி: வாசலில் நிற்கிறதே உங்கள் வண்டி, அதற்குக் கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள்?

தேதியைத்தான் கேட்டேன். காரணத்தைக் கேட்கவில்லை.