பொலி பாடி வாட்டைக் காலியாக்கினேன்

அன்றைக்கு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கட்டிலில் ஏழு நோயாளிகள். ஏழு பேரும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்கள், அவர்களில் ஒருவர் என் கணவர். டொக்டர் ஐயா, நேர்ஸ் மிஸி, வவுனியாவிலிருந்து வந்த பெரிய அதிகாரி. பிறகு நான். அவ்வளவுதான். (மாடு ஒன்றும் வரவில்லை. அது மருமகன் சேர்த்தது.)

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. தண்ணீர் கேட்கக்கூட நா எழவில்லை. இனிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாரோ என்று பயந்து பயந்து நான் பாதியாகிப் போனேன். (மழை வந்தாலும் பயப்படுவேன், வராவிட்டாலும் பயப்படுவேன்.) ஒருநாள் அவருக்குக் கஞ்சி பருக்கும்போது என் வாய்க்குள் சூடு மிதிப்புப் பாட்டு வந்தது. களத்தில் மாடுகளை வளைய வளைய நடத்தி நெல் உதிர்க்கையில் ஆண்கள் பாடுவது; சாப்பாடு கொண்டுபோய் வரம்பில் நின்று கேட்டே எனக்குப் பாடமாகியிருந்தது. நெல் பெருகட்டும் என்று கூப்பிடும் "பொலி" என்ற சொல்லில் நான் நிறுத்தினேன். அவர் தெளிவாக "பொலி, பொலி" என்றார். பேசாத வாய் பாடியது.

அதன்பிறகு தினமும் பாடினேன். மிஸி விடவில்லை. "இது ஆஸ்பத்திரி, சூடு மிதிக்கிற களவெட்டி இல்லை."

டொக்டர் ஐயா இரக்கக்காரர். "பாட்டாலை சுகம் வருகுதெண்டு எனக்குத் தெரியுது, அம்மா. ஆனா மேலிடம் எழுத்திலை ஒத்துக்கொள்ள வேணுமே."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதத் தொடங்கினேன். பாட்டும் மருந்துதான் என்று அரசாங்கம் பதிய வேண்டும், எல்லா ஆஸ்பத்திரியிலும் பின்னேரம் கால் மணித்தியாலம் பாட விட வேண்டும். ஒட்டிய உறையைப் பிழை இருக்குமோ என்று பிரித்துப் பார்த்து, சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டுவேன். ஐந்தாவது பெட்டிசத்துக்கு அதிகாரியே வந்துவிட்டார்.

"எங்கை, பாடிக் காட்டுங்கோ."

குரல் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், களத்தில் ஆண்கள் எடுக்கிற உச்சத்திலேயே எடுத்துவிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது. களத்தில் ஒருவர் பொலி கூப்பிட்டால் மற்ற எல்லோரும் எழுந்து நின்று மறுகுரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நெல் குறையும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. காய்ச்சல்காரர் எழும்பினார். மாவுக்கட்டுக்காரர் ஒற்றைக்காலில் எழும்பினார். ஆறு பேரும் "பொலி, பொலி" என்று கட்டில்களைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். பத்து நாளாக அசையாமல் கிடந்த வயிற்றுக்குத்துக்காரர்தான் முன்னுக்கு. என்னவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இடக்கையால் இல்லாத மாட்டை விரட்டினார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டொக்டர், இவையளுக்கு என்ன நோய், என்ன வருத்தம்?"

"வருத்தக்காரர்தான், சேர்."

"நல்லா நடக்கினம். விட்டா வயலிலை அரிவும் வெட்டுவினம். துண்டு வெட்டி வீட்டை அனுப்புங்கோ."

"ஐயா, அது பாட்டாலை வந்த சுகம்" என்றேன் நான்.

"பாட்டுக்கு மாறுறது வருத்தமே இல்லை, அம்மா."

என்னவரையும் மாவுக்கட்டுக்காரரையும் மட்டும் டொக்டர் ஐயா மன்றாடிக் காப்பாற்றினார். மற்ற ஐந்து பேரும் பாயைச் சுருட்டினார்கள். வயிற்றுக்குத்துக்காரர் வாசலில் நின்று சொன்னார்: "பிள்ளை, மத்தியானச் சோத்தைத் திண்டாப் பிறகு பாடியிருக்கலாம்."

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் ஆறாவது பெட்டிசம் எழுதினேன். டொக்டர் ஐயாதான் வழி சொன்னார்: "பாடுறதுக்குச் சம்பளம் கேளுங்கோ. காசெண்டா இல்லையெண்டாவது மறுமொழி எழுதுவினம். அதுவரைக்கும் மெல்லமாப் பாடுங்கோ." நாளுக்கு ஐம்பது சதம் கேட்டேன். தொண்ணூறு நாள் பாடினேன். தொண்ணூறாவது நாள் என்னவர் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பாட்டாக இழுத்து.

மறுமொழி மட்டும் வரவில்லை. இன்றைக்கும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மருமகன், "மாமி, அரசாங்கம் காசு அனுப்பிப்போட்டுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், என்னவர் உட்பட. சிரிக்கட்டும். முப்பத்தோராவது பெட்டிசம் போன கிழமைதான் போட்டேன். பாக்கி நாற்பத்தைந்து ரூபா.