இஸ்திரி போட்ட பிளாப்பி

சிந்தியது என்னவோ கால் கிளாஸ் டீதான். ஆனால் அது சிந்திய இடம் சித்தேரி மலை.

சரியாகச் சொன்னால், அந்த மலையில் உள்ள ஓர் ஊரின் கிணறுகளெல்லாம் அடங்கிய பிளாப்பியின் மேல். சர்வேயர் கிருஷ்ணப்பன் மூன்று வாரம் மலையில் கிடந்து, மாரியம்மன் கோயிலிலிருந்து எந்தக் கிணறு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அளந்து, சேலத்தில் கொடுத்து அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் ஏற்றிக் கொண்டுவந்ததாகச் சொன்னார். அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கினால், படம் போடுகிற புரோகிராம் கிணறுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து ஊர்ப்படத்தையே வரைந்து கொடுத்துவிடும். திங்கட்கிழமை பெரிய அதிகாரி படத்தைப் பார்க்க வருகிறார். எந்தக் கிணற்றுக்கு மோட்டார் என்பது அதன் பிறகுதான் முடிவாகும்.

பிளாப்பியைச் செருகினான் ஜமீர். படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது திரை.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. தருமபுரியில் இருந்த அந்த அரசாங்க ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் புதுசு. ஏசி ரூமுக்குள் செருப்பே கூடாது என்றால் டீயைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஜமீரோ தற்காலிக ஆபரேட்டர். இன்றைக்குப் போ என்றால் இன்றைக்கே போக வேண்டியவன். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் அப்துல் சுபான் தன் துணிக்கடைக்கு வருகிற ஒருத்தர் விடாமல், "நம்ம மாப்பிள்ளை கம்ப்யூட்டர் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் துணியையே விரிப்பார். வேலை போனால் அந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் பெண் ஷகிலா முகத்தில்?

"டீதானுங்களே சார்?" என்றான் பியூன் குப்புராஜ். டீயை உள்ளே கொண்டுவந்த புண்ணியவான் அவன்தான். "கறை புடிக்கறதுக்கு முன்னாடி தண்ணில அலசிட்டாப் போச்சு."

பயந்தவனுக்கு யார் சொன்னாலும் வேதவாக்கு. ஜமீர் அலசினான்.

"ஈரமா இருக்குதேப்பா."

"சன்னல்ல வையுங்க. அடிக்கற வெயிலுக்கு அப்பளமே பொரியும்."

வைத்தார்கள். பொரியவில்லை, வளைந்தது. குப்புராஜ் அசரவில்லை.

"வளைஞ்சா என்னங்க? கேட்டுக்கு வெளிய நம்ம மாது எதுக்கு இஸ்திரி வண்டி வெச்சிருக்கறான்?"

மாது பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காட்டனுங்களா, பாலியெஸ்டருங்களா?"

"தெரியலீங்க. மெதுவாத் தேய்ங்க."

"அப்ப ஈரத்துணி போட்டுத் தேய்ச்சுக் குடுக்கறேன்."

கரி இஸ்திரிப்பெட்டியை அவன் தூக்கியபோது சித்தேரி மலை உருகி ஈரத்துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தால்கூடக் கும்பிட்டுக் கொள்ளலாம். இதை என்ன செய்வது?

இனிமேல் சர்வேயரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. கிருஷ்ணப்பன் என்றால் ஆபீசே நடுங்கும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ராத்திரி கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்த கரடியை "போ" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியவர். அவரே சொன்னதுதான்.

"சார்... அந்த மலை அளவு... காகிதத்துல எழுதினது ஏதாச்சும் இருக்குங்களா?"

கிருஷ்ணப்பனின் மீசை துடித்தது. "எதுக்குடா?"

"சும்மாங்க சார். சரிபார்க்க..."

"சரிபார்க்கவா? நான் அளந்ததை நீ சரிபார்க்கறியா? கம்ப்யூட்டர் வந்தப்புறமும் காயிதம் கேக்கறான் பாரு! எல்லாம் அதுக்குள்ள இருக்குது. திங்கக்கெழமை படம் வரலைன்னா உன்னைத் தொலைச்சுப்புடுவேன்!"

கத்திய கத்தலில் ஜமீருக்குக் காது அடைத்தது. ஒரு கேள்விக்கே இப்படி என்றால், இஸ்திரி விஷயம் தெரிந்தால் உயிரோடு விடமாட்டார் என்று நிச்சயமாக நம்பினான்.

"பேசாம நீங்களே மேல போயி அளந்துட்டு வந்துடுங்க சார்," என்றான் குப்புராஜ். "கெணறு எங்கியும் ஓடியா போயிடும்?"

மற்ற யோசனைகளைப் போலத்தான் இதுவும் இருந்தது. ஆனாலும் ஜமீர் யோசித்தான். அதே கோயில், அதே கிணறுகள். யார் அளந்தாலும் அதே அளவுதானே வரும்?

அளவு நாடாவெல்லாம் கிருஷ்ணப்பனின் பீரோவில் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜமீர் எடுத்துக்கொண்டு கிளம்பியது மாமனார் கடையின் இரும்பு மீட்டர் கோலையும், ஹஜ்ஜுக்குப் போனபோது அவர் வாங்கி வந்த, கிப்லா திசை பார்க்கிற சின்னத் திசைகாட்டியையும்தான்.

"இதெல்லாம் எதுக்கு மாப்ளே?"

"கம்ப்யூட்டருக்கு மாமா."

அப்துல் சுபானின் முகம் பூரித்தது. அதைப் பார்த்து ஜமீருக்கு அழுகையே வந்துவிட்டது.

அரூரில் இறங்கி மலைப் பஸ் பிடித்தான். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் பாதி பள்ளத்துக்கு மேல் நின்றது போலிருந்தது. தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தபோது புதருக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ நிமிர்ந்தது.

"போ!" என்றான் ஜமீர். குரல் பாதிதான் வெளியே வந்தது.

"எங்கீங்க போகச் சொல்றீங்க?" என்றது அது. கறுப்புக் கம்பளி போர்த்திச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த முனியம்மாள். அவன் கையிலிருந்த கோலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அட, துணிக்காரரா! சேலை என்ன வெலைங்க?"

அவன் ஊருக்குள் போய்ச் சேருவதற்குள், துணிக்காரர் வந்திருக்கிறார் என்று பெண்கள் கூடிவிட்டார்கள். சேலை இல்லை, கிணறு அளக்கத்தான் வந்தேன் என்றதும் பாதிப் பேர் திட்டிவிட்டுக் கலைந்தார்கள். முனியம்மாள் மட்டும் நீர் இறைக்கிற கயிற்றைக் கொண்டுவந்தாள். மீட்டர் கோலால் கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டார்கள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டு முள்ளிலும் பாறையிலும் ஆடு மாதிரி ஏறினாள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு இவன் விழுந்தான்.

"அந்த டப்பி என்னங்க? மூக்குப்பொடியா?"

"தொழுகைக்குத் திசை பார்க்கறதுங்க."

"அப்ப கெணத்தைக் கும்பிடப் போறீங்களா?"

சர்வேயரின் பேச்சை மட்டும் ஜமீர் எடுக்கவேயில்லை. எடுத்தால், எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று பயம். ஊரில் இருந்த நான்கு கிணறுகளையும் அளந்து, தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சிராய்ப்போடு கடைசிப் பஸ்ஸில் மலையிறங்கினான்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்து அளவுகளைத் தட்டினான். பிரிண்டர் கரகரவென்று கத்தி, கோயிலையும் கிணறுகளையும் தாளில் வைத்தது. அழகான படம்தான். ஆனால் அதைப் பெரிய அதிகாரியின் மேஜையில் விரித்தபோது ஜமீர் படத்தைப் பார்க்கவில்லை, கிருஷ்ணப்பனின் மீசையைத்தான் பார்த்தான். அது மெல்லத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டார்!

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "கல்லு முள்ளெல்லாம் ஏறி அளந்திருக்கீங்க கிருஷ்ணப்பன். இப்பவே கிளம்பி நேர்லயே பார்த்துடுவோம். நீங்க முன்சீட்டுல உக்காருங்க. ஜீப்பை எடுக்கச் சொல்றேன்."

அதிகாரி வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, கிருஷ்ணப்பன் ஜமீரின் கையைப் பிடித்து ஏசி ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். ஜமீர் கண்ணை மூடிக்கொண்டான். வேலை போயிற்று. மாமனார், ஷகிலா, கம்ப்யூட்டர் மாப்பிள்ளை, எல்லாம் போயிற்று.

"நான் எழுதினது ஏழு கெணறு," என்றார் கிருஷ்ணப்பன். "படத்துல நாலுதான் இருக்குது. இது நான் குடுத்ததில்ல."

"சார், டீ கொட்டிடுச்சு சார். அலசி, காய வெச்சு, இஸ்திரி..."

"அதை விடு. நீ மலைக்குப் போனியா?"

"போனேங்க சார். மன்னிச்சிடுங்க சார். நேத்துத்தான்..."

ஜமீர் பயந்து பயந்து கண்ணைத் திறந்தான். ஏசி குளிரிலும் கிருஷ்ணப்பனின் நெற்றியில் வேர்வை வழிந்தது. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அவர் ஜமீரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குரலே எழும்பாமல் கேட்டார்:

"தம்பி... சித்தேரிக்கு எப்படிங்க போவணும்?"