முந்நூறு மணி நேர ஆயுளும் ஒரு கோட்டை அடுப்பும்

ஒரு பொருள் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று யாரேனும் கேட்டால், பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் சுற்றுப்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். புதிதாகப் பழகுகிறவர்கள் அதை நிதானம் என்று எண்ணுகிறார்கள். நிதானம் அன்று, பட்ட சூடு.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். எங்கள் பிரிவு எரிபொருள் மின்கலம் செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் செலுத்தினால், இடையிலுள்ள காரக் கரைசலின் துணையோடு அது மின்சாரம் தரும். ஆனால் அதற்கும் மூப்பு உண்டு. நாளாக நாளாக வோல்ட் இறங்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அதைக் குறித்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்து, புள்ளிகள் வழியே ஒரு கோடு இழுத்து நீட்டினால், அந்தக் கோடு எங்கே கீழெல்லையைத் தொடுகிறதோ அதுவே கலத்தின் ஆயுள். கோட்டை நீட்டுவது என் வேலை. மூன்று கலங்களைச் சாகும்வரை ஓட்டிப் பார்த்திருந்தேன். நான்காவதன் சாவை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற துணிவு வந்திருந்தது. (சித்திரகுப்தனுக்குத் தூரத்து உறவு என்கிற மிதப்பு என்றும் சொல்லலாம்.)

அந்தக் கலத்துக்கு ஒரே ஓர் ஒவ்வாமை: காற்றிலுள்ள கரியமில வாயு. உள்ளே போனால் கரைசல் கெட்டுவிடும். ஆகவே காற்று, சுண்ணாம்பு நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழலைக் கடந்தே உள்ளே போகும். அறைக்குள் அமில வாடை அடித்ததால், சுத்தமான காற்று வேண்டுமென்று, காற்றை இழுக்கும் பம்பின் ரப்பர் குழாயைப் பின்பக்கச் சன்னல் வழியாக வெளியே நீட்டி வைத்தவளும் நானே.

டெல்லியிலிருந்து மூவர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. கலத்துக்கு இன்னும் முந்நூறு மணி நேர ஆயுள் உண்டு என்று நான் கணித்திருந்ததைப் பிரிவுத் தலைவர் சிதம்பரநாதன் சார் அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டார். அது நிரூபணமானால் என் வேலை நிரந்தரம். இல்லையேல் வீட்டில் கல்யாணப் பேச்சு. வேலை நிரந்தரமாகும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்குக்கு வைத்த கெடு அந்த மாதத்தோடு முடிந்தது.

அதே அப்பச்சிக்கு, வருகிறவர்கள் கேண்டீனில் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பொறுக்கவில்லை.

"டெல்லியிலேருந்து வாறவுகளுக்குக் கேண்டீன் சோறா? நம்ம ஊரு மானம் என்னாகுறது? அண்டா, ஏனம் பூரா நான் அனுப்புறேன். கருப்பையாவை வரச் சொல்லியாச்சு."

கருப்பையா எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைக்கிறவர், கொத்தமங்கலத்துக்காரர். குழு வரும் நாளன்று ஆய்வுக்கூட வளாகத்தில், காலை ஏழு மணிக்கே, வாசல் வேப்ப மரத்தடியில் நீளமான கோட்டை அடுப்புக்குச் செங்கல் அடுக்கத் தொடங்கிவிட்டார். விருந்தினர் நுழையும்போதே முகத்தில் புகை அடிக்குமே என்று எனக்குப் பதறியது. ஓடினேன்.

"கருப்பையாண்ணே, இங்குட்டு வேணாம். கட்டடத்துக்குப் பின்னாடி சன்னலுக்குக் கீழ நல்ல நிழல் இருக்கு. அங்குட்டு வைங்க."

"படிச்ச ஆச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று செங்கல்லைச் சுமந்துகொண்டு போனார். ஒரு பெரிய இடைஞ்சலை நீக்கிய திருப்தியோடு நான் உள்ளே திரும்பினேன்.

பத்து மணிக்குக் குழு வந்தது. பத்துச் சிறு அறைகளை அடுக்கிச் செய்த எங்கள் நான்காவது கலம் எட்டு வோல்ட் காட்டியது. எதிரே சிறு பல்புகள் வரிசையாக எரிந்தன. குழுத் தலைவர் சிக்கனமாகப் பேசுகிறவர். "இரண்டு மணிக்கு நாங்கள் சாப்பிட்டு எழும்வரை இது எரியட்டும். எரிந்தால் உங்கள் வரைபடத்தை நம்புகிறோம்" என்றார். முந்நூறு மணி நேரத்தில் வெறும் நான்கு மணி நேரம்! எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பதினொன்றுக்கு ஏழே முக்கால் வோல்ட். நான் நாற்பது மணி நேரத்துக்கென்று வைத்திருந்த இறக்கம் அது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதினொன்றே காலுக்கு ஏழரை. ஆறு வோல்ட் என் கீழெல்லை. ஹைட்ரஜன் அழுத்தம் சரி. வெப்பம் சரி. இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன், எல்லாம் சரி. வோல்ட்மீட்டர் முள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

சிதம்பரநாதன் சார் உதடு அசையாமல் கேட்டார்: "என்னம்மா மெய்யம்மை, முந்நூறு மணி நேரம்னு எழுதுனோமே, அதுல ரெண்டு சைபர் கூடிப்போச்சோ?"

"இல்ல சார்... கோடு சரியாத்தான் இருக்கு."

"கோடு சரி. செல்லு உங்க கோட்டைப் பாக்கலையே!"

குழுவில் இளையவர் ஒருவர் காற்றை முகர்ந்து, அருமையான மணம் என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். (ஆம், நன்றி சொன்னேன்.)

பதினொன்றே முக்காலுக்கு ஆறரை. பல்புகள் சிவந்து மங்கின. உள்ளே எதுவும் கருகுகிறதோ என்ற சந்தேகத்தில், கலத்திலிருந்து பயன்பட்ட காற்று வெளியேறும் சிறு துவாரத்தில் மூக்கை வைத்தேன். கருகல் வாடை இல்லை. சோம்பும் பட்டையும் தாளித்து, சின்ன வெங்காயம் வதங்குகிற மணம், துல்லியமாக, என் எரிபொருள் மின்கலத்தின் உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மூன்று அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. ஈர விறகு. நெஞ்சளவு உயரத்தில் என் ரப்பர் குழாய். கருப்பையா முகம் மலர வரவேற்றார்.

"நல்ல இடமாக் காட்டுனீக ஆச்சி! புகை பூரா அந்தக் குழாய்க்குள்ள போயிருது. இத்தனை வருசத்துல இன்னிக்கித்தான் கண்ணு எரியாமச் சமைக்கிறேன்."

"அடுப்பைத் தூக்குங்கண்ணே! அங்குட்டுத் தூக்குங்க!"

"கொதிக்கிற குழம்பைத் தூக்குறதா? கல்யாணத்துல தாலிகட்டுற நேரத்துல மாப்பிள்ளைய மாத்தச் சொல்லுவீக போல!"

இலைக்கட்டோடு வந்துகொண்டிருந்த அப்பச்சி திகைத்து நின்றுவிட்டார்கள். நான் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். உள்ளே ஓடிவந்து பார்த்தபோது சுண்ணாம்புக் குழல் அடிமுதல் நுனிவரை மஞ்சள் பூத்திருந்தது. கடைசிப் பல்பு ஒருமுறை துடித்து அணைந்தது.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். புடைவையிலிருந்து பட்டை மணம் வந்துகொண்டிருந்ததால் அது பலிக்காது என்று பட்டது.

"இது மூப்பினால் சாகவில்லை. புகை குடித்துச் செத்திருக்கிறது. அடுப்பை அங்கே வைக்கச் சொன்னது நான்தான். எவ்வளவு நாள் வாழும் என்று கணித்த நான், எதைச் சுவாசித்து வாழ்கிறது என்று பார்க்கவில்லை" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு மூவரும் சாப்பிடப் போனார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம் இல்லை, ஓராண்டு நீட்டிப்பு. கலம் உள்ளிழுக்கும் காற்றையும் அன்றாடம் அளந்து குறிக்க வேண்டும் என்று நிபந்தனை. கரைசலை மாற்றிக் கழுவி ஓட்டிய அதே கலம், நான் விதித்த முந்நூறு மணி நேரத்தையும் கடந்து கூசாமல் உழைத்தது. (ஆக, ஒரே கலத்தின் ஆயுளில் இருமுறை தோற்றவள் நான்.)

கடிதத்தை அப்பச்சியிடம் நீட்டி, "நிரந்தரம் ஆகலை" என்றேன். கெடுவும் முடிந்திருந்தது. கடிதத்தை இருமுறை படித்துவிட்டு மடித்தார்கள்.

"அடுப்பு என் அடுப்பு. விருந்து என் விருந்து. அதுக்கு நீ எப்படி ஆத்தா தோத்தவளாவ? இந்த ஒரு வருசத்தையும் பாரு. அதுவரைக்கும் நான் பேச்செடுக்கலை."

அடுப்பு அவர்களுடையது, வைத்த இடம் என்னுடையது. அது அவர்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டார்கள். மறு ஆண்டு வேலை நிரந்தரமாயிற்று.

ஆனால் சும்மா விட்டார்களா? என் கல்யாணத்தன்று விடியற்காலை, பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருக்க, வளவு முற்றமே அதிரக் குரல் கொடுத்தார்கள் அப்பச்சி: "கருப்பையா, பொறு! பொண்ணைக் கேட்டுட்டு அடுப்பை மூட்டு!" மாலையும் கழுத்துமாக நான் பின்கட்டுக்கு நடந்துபோய் இடம் காட்ட வேண்டியதாயிற்று.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் கேஸ் அடுப்புதான், புகையே கிடையாது. அப்பச்சியும் இல்லை. இருந்தாலும் சமையல்காரர் வந்து இறங்கியதும் யாராவது ஒருவர், முகத்தில் சிரிப்பு சிறிதும் இல்லாமல், என்னிடம் வந்து கேட்கிறார்: "ஆச்சி, அடுப்பை எங்குட்டு வைக்கிறது?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.